வாத்தியாரின் வலது கால்

"வாத்தியாரோட வலது கால் எந்தப் பக்கம் போச்சுன்னு பார்த்தியா?"

ராய்வோ ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார். ஏப்ரல் மாதம். சனிக்கிழமை வாள்பயிற்சி முடிந்து, நகராட்சி விளையாட்டுக் கூடத்தின் வாசலில் எல்லோரும் காலணி மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கயிறு கட்டுவதுபோல் குனிந்திருந்தார். அப்படிக் குனிந்தால்தான் அவர் முகம் என் முகத்துக்கு நேராக வரும். அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியபின், வீட்டில் என்னைத் தனியாக விட மனமில்லாமல் தொக்கியெ சித்தி தன்னோடு இங்கே கூட்டிவர ஆரம்பித்திருந்தாள். சுவரோரம், தரை துடைக்கும் துணிகள் காயும் கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். முதலில் சில வாரங்கள் "நீயும் ஒரு மரவாளை எடேன்" என்று சொல்லிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டதும் விட்டுவிட்டார்கள். பிறகு நான் சுவர்க் கடிகாரம் மாதிரி ஆகிவிட்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

"முன்னாடி," என்றேன்.

"முன்னாடிதானே?" ராய்வோ பெருமூச்சு விட்டார். "அப்பாடா. எனக்குத்தான் கண்ணுல கோளாறோன்னு பயந்துட்டேன்."

எங்கள் வாள்முறையில் பயிற்சி எப்போதும் இரண்டு பேராகத்தான். எதிரெதிரே நின்று மரவாளால் செய்வார்கள். அடிவரிசையாக வகுத்த முறைகள் பல; ஒவ்வொன்றிலும் மூத்தவர்தான் தோற்க வேண்டும். வெட்ட வருவதும் அவர். கடைசியில் வெட்டுப்படுவதும் அவர். இளையவர் முந்திக்கொண்டு அசையக்கூடாது. நாலாவது முறையில் மூத்தவர் தலையைப் பார்த்து வெட்டுவார். இளையவர் இடப்பக்கம் நழுவி, அவர் மணிக்கட்டின் மேல் வாளை வைப்பார். மூத்தவர் தப்பிக்க வலது காலைப் பின்னால் இழுப்பார். அந்த இடைவெளிக்குள் இளையவர் ஓரடி முன்னால் வைத்து, தொண்டையை நோக்கிக் குத்தி, தொடுவதற்கு முன் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். வேறு எந்த முறையையும்விட எனக்கு இது பிடிக்கும். இரண்டு பேர் ஒரே மூச்சை விடுவதுபோல் இருக்கும்.

அந்த வருடம் மார்ச்சில், வாத்தியார் நவாட்டா வலது காலைப் பின்னால் இழுப்பதற்குப் பதிலாக முன்னால் வைத்தார். எதிரே நின்றவர் குனியெடா. எங்கள் கூட்டத்தில் வாத்தியாருக்கு அடுத்தவர், கூரை ஓடு வியாபாரி. அவர் வழக்கம்போல் குத்தியிருந்தால் மரவாளின் நுனி வாத்தியாரின் கழுத்தில் இறங்கியிருக்கும். எப்படியோ தன் காலைப் பின்னுக்கு இழுத்து, முழங்கையை மடக்கி, குத்தைப் பாதியிலேயே முடக்கிக்கொண்டார். அவர் நெற்றியில் வியர்வை பொங்கியது. வாத்தியார் "நல்லது" என்றார். எப்போதும் சொல்வதுதான். அடுத்த சனிக்கிழமையும் கால் முன்னால் வந்தது. குனியெடாவும் முன்கூட்டியே பின்வாங்கத் தயாராக நின்றார். அதற்கடுத்து சித்தியின் முறை வந்தபோது அவளும் குனியெடா செய்தது போலவே செய்தாள். மே மாதத்துக்குள் எல்லோரும் நாலாவது முறையைப் பின்வாங்கியே செய்தார்கள்.

யாரும் கூடிப் பேசவில்லை. இப்படிச் செய்வோம் என்று ஒருவர்கூட வாய்திறந்து சொல்லவில்லை. பேசாமலே ஒரு கூட்டம் ஒன்றுசேர்ந்து ஒரு காரியத்தைச் செய்ய முடியும் என்று எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். ஒரு திங்கட்கிழமை காலையில் வகுப்பில் யாரும் என்னோடு பேசவில்லை. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை ஆசிரியர் வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டு வந்து, எனக்கு முன்னால் இருந்தவனுக்குப் பிறகு எனக்குப் பின்னால் இருந்தவளைக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. வகுப்பு எப்படிப் போகிறதோ அப்படியே அவரும் போனார்.

வாத்தியார் மற்றபடி நன்றாகத்தான் இருந்தார். சின்ன லாரியைத் தானே ஓட்டி வருவார். தோட்டத்து வெங்காயத்தாளைக் கட்டுக் கட்டாக எல்லோருக்கும் கொடுப்பார். சில வாரங்களில் ஒரே ஆளுக்கு இரண்டு முறை கொடுப்பார். அவர்களும் இரண்டு முறை நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார்கள்.

என்னிடம் கேட்ட அதே நாளில் ராய்வோ குனியெடாவிடமும் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"அண்ணே, நாலாவது மாறிடுச்சா?"

"என்ன மாறிச்சு?"

"வாத்தியார் கால் முன்னாடி வருதே."

குனியெடா வண்டிச் சாவியைத் தேடுவதுபோல் எல்லாப் பைகளையும் தட்டிப் பார்த்தார். "வாத்தியார் எப்படிச் செய்றாரோ அதான் முறை. நீ அவரை ஒட்டிப் போ, போதும்."

"அப்போ இது உள்முறையா? பெரியவங்களுக்கு மட்டும் சொல்லிக் குடுக்கிறதா?"

"ஏம்பா, உன் உயரத்துக்கு மழை வந்தா உனக்குத்தான் முதல்ல தெரியும். தரையில நடக்கிறதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று அவர் தோளைத் தட்டிச் சிரித்துவிட்டு வண்டியில் ஏறிப் போனார்.

ராய்வோ எஸ்தோனியாக்காரர். எங்கள் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. நான் குழந்தையாக இருந்தபோதே இங்கே வந்துவிட்டவர். எங்கள் ஊர்ப் பேச்சை எங்களைவிடக் கொச்சையாகப் பேசுவார். எவ்வளவு தேய்த்தாலும் அவர் நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய் போகாது. அதனால் கூடத்துக்கு வந்ததும் மரவாளைத் தொடுவதற்கு முன் நெடுநேரம் கை கழுவுவார். கணவாய்க் குடலை உப்பில் ஊறவைத்ததை அவர் விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்துச் சித்தி கேலி செய்வாள்: "அதை நாங்களே கண்ணை மூடிக்கிட்டுத்தான் முழுங்குறோம். நீ என்ன, மிட்டாயாட்டம் சப்பிக்கிட்டிருக்க?"

"எங்க ஊர் மீன் இதைவிட நாறும், அக்கா. இது எனக்குப் பூ வாசம்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவரையும் எங்களில் ஒருவர் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனாலும் வாத்தியாரின் கால் விஷயத்தை மட்டும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் சில வாரங்கள் தனியாக யோசித்துவிட்டு, பிறகு மற்றவர்களைப் போலவே பின்வாங்கப் பழகிக்கொண்டார். உடம்பால் பழகுகிறவர் அவர். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பிறகு பட்டறை வாசலில், பேருந்து நிறுத்தத்தில், எங்கே நின்றாலும் கால் அதையே செய்துகொண்டிருக்கும்.

அக்டோபரில் அவர் ஊருக்குத் திரும்பப்போவதாகச் சொன்னார். அம்மா இறந்துவிட்டாளாம். அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. தீவில் தனியாக இருக்கிறாராம். டிசம்பரோடு பட்டறை வேலை முடிகிறது. "இனி வர மாட்டேன்னுதான் நினைக்கிறேன்," என்றார். பயிற்சியில் சேரும்போது ஒவ்வொருவரும் ஒரு சத்தியம் செய்கிறார்கள்: தேர்ந்தவர் என்று எழுதித் தரும் சுருளை வாங்கும்வரை இந்தக் கூடத்துக்கு வெளியே, இந்தக் கூட்டத்தார் இல்லாமல், இந்த முறைகளைச் செய்ய மாட்டோம் என்று. இந்தக் காலத்தில் யார் அதைப் பார்க்கப் போகிறார்கள் என்று சித்தியே சொல்வாள். ராய்வோ அப்படிச் சொல்ல மாட்டார். சுருள் கிடைக்காவிட்டால் அவர் அந்தத் தீவில் மரவாளைத் தொடக்கூட மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதனால் வாத்தியார் எங்கள் வாள்முறைக்கே மூலமான தலைமை வீட்டுக்கு எழுதி ராய்வோவுக்கு முதல் சுருளை வரவழைத்தார். நவம்பரில் கோயிலில் தெய்வத்துக்குக் காணிக்கையாக நடக்கும் பயிற்சியில், தலைமை வீட்டார் முன்னிலையில் வாத்தியாரும் ராய்வோவும் முறைகளைச் செய்ய வேண்டும். முடிந்ததும் வாத்தியார் தன் கையால் சுருளைக் கொடுப்பார். ராய்வோ அந்த மாதம் முழுக்கப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கடைசிப் பயிற்சி அன்று குனியெடா அவரைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப்போனார்.

"நாலாவதுல மறந்துடாதே. குத்தைச் சுருக்கிக்கோ, பின்னாடி வா."

"தலைமை வீட்டுக்காரங்க பார்ப்பாங்களே அண்ணே."

"ரெண்டு பேரும் ஒண்ணாச் செஞ்சா, இந்தக் கிளையில இப்படித்தான் போலன்னு விட்டுடுவாங்க. நீ பழசைச் செஞ்சீன்னா வாத்தியார் கழுத்துல குத்திடுவே. அவர் மானம் போயிடும். புரியுதா?"

ராய்வோ குழாயை மூடினார். அவருக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்திருக்க வேண்டும். உள்முறையும் இல்லை, ஒன்றும் இல்லை, வாத்தியாருக்கு முறையே மறந்துபோகிறது என்று. பிறகு, "புரியுதுண்ணே," என்றார்.

காணிக்கை நாள் காலையிலிருந்தே மழையும் பனியும் கலந்து பெய்தது. கோயில் முழுக்கக் குழந்தைகள். மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளைப் பட்டுடுத்திக் கூட்டிவந்து ஆசி வாங்கும் நாள் அது. நீளமான மிட்டாய்ப் பைகளை இழுத்துக்கொண்டு ஓடும் பிள்ளைகளுக்கு நடுவே எங்கள் கூட்டம் கறுப்பாக நின்றது. நான் பாடை தூக்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல் எங்கள் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்று தெரியவில்லை. வாத்தியார் மட்டும் வேறு மாதிரி இருந்தார். குடும்பச் சின்னம் போட்ட மேலாடை. முதுகு நிமிர்ந்திருந்தது. எதிரே வந்த தலைமை வீட்டுப் பெரியவரைப் பார்த்ததும் பெயர் சொல்லி வணங்கினார். அவருடைய மகனின் பெயரையும் சரியாகச் சொல்லி நலம் கேட்டார். சித்தி குனியெடாவைப் பார்த்தாள். குனியெடா பார்க்கவில்லை.

முதல் மூன்று முறைகளும் நன்றாகப் போயின. நாலாவதில் வாத்தியார் வெட்டினார். ராய்வோ இடப்பக்கம் நழுவி மணிக்கட்டின் மேல் வாளை வைத்தார். வாத்தியார் வலது காலைப் பின்னால் இழுத்தார்.

அப்படி ஓர் அழகை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தண்ணீர் வடிவதுபோல் கால் பின்னால் போனது. அதே நொடியில் ராய்வோவும் பின்னால் போனார். வசந்தத்திலிருந்து அவர் உடம்பு பழகியது அதைத்தான். மரவாள் வெறும் காற்றில் சுருங்கி நின்றது. குத்த வேண்டியவர் ஓடிவிட, குத்துப்பட வேண்டியவர் கழுத்தைக் காட்டிக்கொண்டு காத்திருந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் இருந்தது. தலைமை வீட்டுப் பெரியவர் தொண்டையைச் செருமினார். பின்வரிசையில் யாரோ, "வெளிநாட்டுக்காரருக்கு இதெல்லாம் கஷ்டந்தான்," என்று மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

மிச்ச முறைகளையும் செய்து முடித்து வணங்கினார்கள். வாத்தியார் சுருளைக் கொடுக்கவில்லை. குனியெடாவின் துணிமூட்டைக்குள் சுருள் வைத்த பெட்டி அப்படியே இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குக் கோயில் அலுவலகத்தின் பாய் விரித்த அறையை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்தது. தலைமை வீட்டார் வேறு அறையில். எல்லோர் முன்னாலும் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. வாத்தியார் மூடியைத் திறக்காததால் யாரும் திறக்கவில்லை.

"ராய்வோ," என்றார் வாத்தியார். "நாலாவதுல என்ன பண்ணே?"

"மன்னிச்சிடுங்க. தப்பு பண்ணிட்டேன்."

"அது தப்பு இல்ல. தப்பு பண்றவன் தடுமாறுவான். நீ தடுமாறல. பழகின மாதிரி செஞ்சே. யார் சொல்லிக் குடுத்தா?"

அடுப்பு உஸ்ஸென்று சத்தம் போட்டது. ராய்வோ குனியெடாவைப் பார்த்தார். குனியெடா சாப்பாட்டுப் பெட்டியின் மேல் கட்டியிருந்த காகித நாடாவை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார். சித்தி தேநீர்க் கெண்டியை எடுத்தாள், எதிலும் ஊற்றாமல் வைத்தாள். அவர்கள் எல்லோரும் வாத்தியாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். ராய்வோவும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, நெற்றி பாயில் படும்படி குனிந்தார்.

"யாரும் சொல்லிக் குடுக்கல. நானே மாத்திக்கிட்டேன். இப்படிச் செஞ்சா நல்லா இருக்கும்னு தோணிச்சு."

குனியெடாவின் தோள்கள் இறங்கியதை நான் பார்த்தேன். அத்தனை வருடங்களில் ராய்வோ ஒருநாளும் அந்த அறையில் இருந்தவர்களைப் போல அவ்வளவு அச்சாக நடந்துகொண்டதில்லை.

"மறந்தவனுக்கு மறுபடி சொல்லிக் குடுக்கலாம்," என்றார் வாத்தியார். குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. "தானா மாத்தினவனை நான் என்ன பண்றது? குனியெடா, அந்தச் சுருளைத் தலைமை வீட்டுக்காரங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடு."

"சரிங்க," என்றார் குனியெடா.

ராய்வோ நிமிரவில்லை. அவருடைய பெரிய கைகள் பாயின் மேல் விரிந்திருந்தன. அன்று நகங்களை ரத்தம் வருமளவுக்குத் தேய்த்திருந்தார், ஓரமெல்லாம் சிவந்திருந்தது.

நான் எழுந்தேன். இத்தனை பேர் முன்னால் எனக்கு நீளமாகப் பேச வராது. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்திருக்கிறேன். மூலையில் சாய்த்து வைத்திருந்த மரவாள்களில் ஒன்றை எடுத்தேன். அது நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பாய்க்கு நடுவில் வந்து நின்று, வாத்தியார் செய்வதுபோல் இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, நாக்கை ஒருமுறை தட்டிவிட்டு, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து வெட்டினேன். பிறகு வலது காலை முன்னால் வைத்தேன்.

"ஏய், என்னடி இது? உக்காரு!" என்று சித்தி என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

இன்னொரு முறை செய்தேன். தோள், நாக்கு, வெட்டு, கால். வாத்தியார் முதலில் சிரித்தார். சுவரோரம் கிடந்த குழந்தை எழுந்து ஆடுகிறதே என்ற சிரிப்பு. "பலே. யாரைப் பார்த்து இப்படிக் கத்துக்கிட்டே?"

"உங்களைப் பார்த்து," என்றேன்.

சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் அப்படியே இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்தது. அவர் என் காலைப் பார்த்தார். பிறகு குனியெடாவைப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து?"

ராய்வோவுக்குப் பக்கத்திலேயே குனியெடாவும் குனிந்து நெற்றியைப் பாயில் வைத்தார். அவரைப் பார்த்துச் சித்தியும் வைத்தாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வைத்தார்கள். இதுவரை குனிந்திருந்த ராய்வோ மட்டும் இப்போது தலை நிமிர்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்து, மிகத் தாழ்ந்த குரலில், "எதுக்கு ஷிஹோ?" என்றார். "நான்தான் சொல்லிட்டேனே. முடிஞ்சு போயிருக்குமே."

வாத்தியார் எழுந்தார். "ராய்வோ, வா. மறுபடி செய்வோம்."

அலுவலகத்துக்குப் பின்னால் திருவிழா மேளங்களைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கும் சரளைக் கல் முற்றம். அதில் இறங்கினார்கள். வாத்தியார் வெள்ளைத் துணிக் காலுறையோடேயே இறங்கிவிட்டார். குனியெடா செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பனித்துளிகள் மரவாள்களின் மேல் விழுந்து கரைந்தன. இருவரும் வணங்கினார்கள். முதல் மூன்று முறைகளைச் செய்யாமல் நேராக நாலாவதுக்கே வந்தார்கள்.

வாத்தியார் வெட்டினார். ராய்வோ நழுவி, மணிக்கட்டின் மேல் வாளை வைத்தார்.

வாத்தியாரின் வலது கால் எழும்பியது. கொஞ்சம் முன்னால் வந்தது. நின்றது. திரும்பிப் பின்னால் போகப் பார்த்து, கட்டைவிரல் சரளையைத் தொட்டும் தொடாமலும் தயங்கியது. அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். வாளெடுத்தவன் எதிராளியின் கண்ணைவிட்டுக் கீழே பார்க்கக்கூடாது என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவர், தன் காலை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ராய்வோ அசையவில்லை. மூத்தவர் அசையும்வரை அவர் அசைய முடியாது. கோயிலின் முன்பக்கம் எங்கோ ஒரு குழந்தை மிட்டாய் கேட்டு அழுதது.

"பின்னாடி," என்றார் ராய்வோ, கெஞ்சுவதுபோல். "பின்னாடி, வாத்தியாரே."

வசந்தத்திலிருந்து யாராவது ஒருவர் சொல்லியிருக்க வேண்டிய ஒரே சொல் அதுதான். வாத்தியார் அதைக் கேட்டுத் தலையாட்டினார். நன்றி சொல்வதுபோல்கூட இருந்தது. ஆனால் கால் பின்னாலும் போகவில்லை, முன்னாலும் போகவில்லை. மற்றக் காலுக்குப் பக்கத்திலேயே மெல்ல இறங்கி நின்றுவிட்டது.

வாத்தியார் மரவாளைத் தாழ்த்தி, அதிலிருந்த ஈரத்தை மேலாடைக் கையால் முழுக்கத் துடைத்து, மேளத்தின் மேல் சாய்த்து வைத்தார். ராய்வோவின் முன்னால் வந்து வணங்கினார். முறை முடிந்தபின் ஒருவருக்கொருவர் செய்யும் வணக்கம்தான். ஆனால் தலை இடுப்புக்குக் கீழே போகும்படி, சுருள் கொடுக்கும் தலைமை வீட்டாருக்குச் செய்வது போலத் தாழக் குனிந்தார். ராய்வோ பதிலுக்குக் குனிவதற்குள் அவர் திரும்பிவிட்டார்.

குனியெடா செருப்பை நீட்டினார். வாத்தியார் அதைப் பார்க்கவில்லை. சரளையில் சத்தம் வராமல் நடந்து, அலுவலகத்தைச் சுற்றிக் கோயிலின் முன்பக்கம் போனார். நாங்கள் மூலைவரை போய் நின்றுகொண்டோம். படிக்கட்டில் ஒரு குடும்பம் புகைப்படத்துக்கு வரிசையாக நின்றிருந்தது. நடுவில் சிவப்புப் பட்டுடுத்திய ஒரு சின்னப் பெண். வாத்தியார் நேராக அவர்களை நோக்கி நடந்தார். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் நடுவில் புகுந்து, குடையில்லாமல், கல்வாசலைத் தாண்டிப் போனார். அவர்கள் மறுபடி ஒன்றுசேர்ந்து நின்றார்கள். சின்னப் பெண் மட்டும் கேமராவைப் பார்க்காமல், தலையைத் திருப்பி, அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.